கடலில் இறங்கிய வக்கீல்

கொல்கத்தா நகரில் அலிப்பூர் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே உள்ள விலங்குக் காட்சி சாலை மிகப் பழையது. 1876-ல் திறந்தது. அதற்கு அருகில்தான் நம் நாட்டின் தேசிய நூலகம் இருக்கிறது. லட்சக்கணக்கான புத்தகங்கள் அங்கே உள்ளன. பழைய செய்தித்தாள்களையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

பழைய செய்தித்தாளை நாம் என்ன செய்வோம்? பொட்டலம் கட்டுவோம். எடைக்குப் போடுவோம். ஆனால், செய்தித்தாளில் வந்த ஒரு செய்தி ஒருவரைக் கடலில் இறங்க வைத்தது. அவர் இதே கொல்கத்தாவில் வக்கீலாக இருந்தவர். பெயர் மிஹிர் சென்.

மிஹிர் சென் 1930-ல் புருலியாவில் பிறந்தார். ஏழைக் குடும்பம். ஒடிசாவில் சட்டம் படித்தார். மேலே படிக்க ஆசை. 1950-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். மூன்றாம் வகுப்பு டிக்கெட். அதுவும் போவதற்கு மட்டும்தான். கையில் இருந்த பணம் 10 பவுண்டு. பவுண்டு என்பது அந்த நாட்டுப் பணம்.

அங்கே ரயில் நிலையத்தில் இரவு நேரப் போர்ட்டராக வேலை பார்த்தார். பிறகு லண்டனில் உள்ள இந்தியத் தூதரகத்தில் வேலை கிடைத்தது. பகலில் வேலை. இரவில் படிப்பு. அந்த நாளில்தான் அந்தச் செய்தியைப் படித்தார். புளோரன்ஸ் சாட்விக் என்ற அமெரிக்கப் பெண் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார் என்பதே செய்தி.

பெயர்தான் கால்வாய். நம் ஊர் வாய்க்கால் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் உள்ள கடல் அது. மிகக் குறுகலான இடத்திலேயே சுமார் 34 கிலோமீட்டர் அகலம். மார்கழி விடியலில் ஆற்றில் முழுக்குப் போட்டாலே நமக்குப் பல் கிட்டும். அந்தக் கடலோ கோடையிலும் அதைவிடக் குளிரும். அதில் பல மணி நேரம் கிடக்க வேண்டும். நீரோட்டம் வேறு ஆளைப் பக்கவாட்டில் இழுத்துப் போகும். அதனால் நீந்தும் தூரம் கூடிக்கொண்டே போகும். துணைக்குப் படகு வரும். படகில் இருப்பவர்கள் சாப்பிடக் கொடுப்பார்கள். ஆனால், படகைத் தொடக்கூடாது. தொட்டால் கடந்ததாகக் கணக்கில் வராது.

இத்தனைக்கும் மிஹிர் சென்னுக்கு அப்போது நீச்சலில் பெரிய பழக்கம் இல்லை. கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். அவர் முதலில் கடலுக்குப் போகவில்லை. லண்டனில் ஒய்.எம்.சி.ஏ. நீச்சல் குளத்துக்குப் போனார். ஒழுங்காக நீந்தக் கற்றார். பிறகுதான் கடலில் இறங்கினார். தோற்றார். மறுபடியும் தோற்றார். 1958 செப்டம்பர் 27 அன்று கரை ஏறினார். ஆன நேரம் 14 மணி 45 நிமிடம். ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் இந்தியர் அவரே.

அவருக்குப் பயமே இருந்திருக்காதா? பயம் யாருக்கும் இருக்கும். பழகப் பழகத்தான் அது குறைகிறது. கொல்கத்தாப் பெண் ஆரத்தி சாகாவைப் பாருங்கள். 1959-ல் அவர் பழகியது ஒரு பூங்காக் குளத்தில். முதலில் நிற்காமல் 8 மணி நேரம் நீந்தினார். பிறகு 16 மணி நேரம். கால்வாயில் முதல் தடவை இறங்கியபோது நீரோட்டம் அவரை வென்றது. சுமார் ஒரு மாதத்தில் திரும்ப இறங்கினார். செப்டம்பர் 29 அன்று 16 மணி 20 நிமிடத்தில் கடந்தார். ஆசியப் பெண்களில் அவரே முதல்வர். அப்போது அவருக்கு வயது 19.

மிஹிர் சென் ஊர் திரும்பி வக்கீல் தொழிலைத் தொடங்கினார். ஆனால், கடல் ஆசை விடவில்லை. 1966-ல் நம் பக்கத்துக் கடலுக்கு வந்தார். இலங்கைக்கும் நமக்கும் நடுவில் உள்ள பாக் நீரிணையைக் கடக்க விரும்பினார். அங்கே கடல் பாம்பு உண்டு. சொறிமீன் உண்டு. அது பட்டால் உடம்பு தீயாய் எரியும். ஆகவே, கடற்படையின் துணையைக் கேட்டார். அதற்குப் பெரிய தொகை கட்ட வேண்டியிருந்தது. கடலைவிட இந்தப் பணம்தான் அவரை மிரட்டியிருக்கும்! ஆனாலும், கூச்சப்படாமல் கேட்டார். ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையும் மற்றவர்களும் பாதி கொடுத்தார்கள். மீதிக்குப் பிரதமர் இந்திரா காந்தி ஏற்பாடு செய்தார். இரண்டு கடற்படைக் கப்பல்கள் கூட வந்தன.

பந்தயம் கட்டி ஆற்று வெள்ளத்தில் குதிப்பவர்களும் இருக்கிறார்கள். துணை இல்லை, பழக்கம் இல்லை. அது வீரம் அல்ல. வீண் சாவு.

ஏப்ரல் 5 அன்று இலங்கையிலிருந்து நீந்தத் தொடங்கினார். இரவு முழுவதும் நீந்தினார். 25 மணி 36 நிமிடம் ஆனது. அவர் வந்து சேர்ந்த இடம் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயல் அழித்த அதே தனுஷ்கோடி.

அந்த ஆண்டிலேயே இன்னும் நான்கு இடங்களில் நீந்தினார். ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ் நீரிணைகள், கடைசியாகப் பனாமா கால்வாய். பனாமா மட்டும் சுமார் 80 கிலோமீட்டர். 34 மணி 15 நிமிடம் பிடித்தது.

இப்படி ஒரே ஆண்டில் ஐந்து நீர்வழிகளைக் கடந்தது பெரிய சாதனை. 28 ஆண்டுகள் கழித்து அதை ஒருவர் முறியடித்தார். 1994-ல் ஒரே ஆண்டில் ஆறு நீர்வழிகளை நீந்திக் கடந்தார். அவர் பெயர் குற்றாலீஸ்வரன். தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர். ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது அவருக்கு வயது 12.