இரண்டு திறப்புகள்



பிள்ளை பெற்றோரின் வீட்டை விட்டுப் புறப்படும் நாள் ஒரு குடும்பத்தின் பெரிய நாள். திருமணமாகிப் புறப்பட்டால் மாலையும் மேளமும் துணைக்கு இருக்கும். குருத்துவத்திற்கோ துறவறத்திற்கோ புறப்பட்டால் பங்கே திரண்டு வழியனுப்பும். வெளிநாடு செல்வதாயின் உறவினர் விமான நிலையம் வரை வந்து கண்ணீர் சிந்துவர். இவை எதுவுமின்றி, வளர்ந்த பிள்ளையொன்று தொழிலின் பொருட்டு நகரத்தில் ஒரு சிறு தொடர்மாடி வீட்டை வாடகைக்கு எடுத்துத் தனியே குடிபுகும் நாளும் இன்று பல குடும்பங்களுக்கு வருகின்றது. அந்நாளைப் பெற்றோர் எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் நமக்கு எவரும் கற்றுத் தந்ததில்லை.

சில மாதங்களுக்கு முன்னர் வடபகுதியைச் சேர்ந்த ஒரு தாய் என்னைக் காண வந்தார். அவருடைய மகளுக்கு 28 வயது. நான்கு ஆண்டுகளாக வத்தளையில் பெரியம்மாவின் வீட்டில் தங்கியிருந்து, நாள்தோறும் இரண்டு பஸ் மாறி வேலைக்குச் சென்று வந்தவள். இப்போது வேலைத்தலத்திற்கு அண்மையில், வெள்ளவத்தையில், ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வீடொன்றைப் பார்த்து, தன் சேமிப்பிலிருந்து முற்பணமும் கட்டிவிட்டாள்.

“கலியாணம் முடியாத பிள்ளை தனிய இருந்தால் சனம் என்ன கதைக்கும் சுவாமி? நீங்கள் சொன்னால் கேட்பாள்” என்றார் தாய்.

அந்தத் தாயின் கலக்கத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2007 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்கிற்கு அனுப்பப்பட்ட செய்தியைக் கேட்டு நடுங்கிய தலைமுறை அவருடையது. 2019 ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று கொழும்பில் நிகழ்ந்ததையும் அவர் மறக்கவில்லை. ஆகவே நான் உடனே அறிவுரை கூறாமல் ஒரு கேள்வியை மட்டும் கேட்டேன்: “மகள் செய்யப்போகும் இக்காரியத்தில் பாவம் என்று எதைக் காண்கிறீர்கள்?”

சற்று நேரம் மௌனமாக இருந்தார். பின்னர், “பாவம் ஒன்றுமில்லை சுவாமி. பயந்தான்” என்றார்.

திருச்சபை என்ன கற்பிக்கின்றது?

நமது குடும்பங்களில் கீழ்ப்படிதலும் மதிப்பும் ஒன்றே என்று எண்ணி வளர்ந்திருக்கின்றோம். 1992 ஆம் ஆண்டு வெளியான கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டுகின்றது. பிள்ளை பெற்றோருடன் வாழும் காலம் வரை, தன் நன்மைக்காகவோ குடும்பத்தின் நன்மைக்காகவோ அவர்கள் கேட்பவற்றில் கீழ்ப்படிய வேண்டும். பிள்ளை வளர்ந்து தனித்து வாழத் தொடங்கும்போது அந்தக் கீழ்ப்படிதலின் கடமை முடிகின்றது. ஆனால் பெற்றோருக்குரிய மதிப்பு ஒருநாளும் முடிவதில்லை. இதுவே 2217 ஆம் இலக்கத்தின் போதனை. அடுத்த இலக்கமோ வளர்ந்த பிள்ளைகளை நோக்கித் திரும்புகின்றது. பெற்றோரின் முதுமையிலும் நோயிலும் தனிமையிலும் இயன்ற அளவு பொருளாலும் மனத்தாலும் அவர்களைத் தாங்குவது பிள்ளைகளின் பொறுப்பு என்கின்றது.

எனவே அந்த மகள் பெற்றோரை விட்டு ஓடவில்லை. கீழ்ப்படியும் பருவத்திலிருந்து, தானே விரும்பி மதிப்பளிக்கும் பருவத்திற்குச் செல்கின்றாள். அந்தப் பயணத்தில் அவளுக்குத் துணைநிற்பதே பெற்றோரின் பணி என்பதை அந்தத் தாய்க்கு எடுத்துரைத்தேன்.

கண்ணீரோடு அனுப்பிய அன்னா

தோபித்து நூலை நம்மில் பலர் முழுமையாக வாசித்திருக்க மாட்டோம். பிள்ளையை அனுப்பும் ஒவ்வொரு பெற்றோரும் வாசிக்க வேண்டிய நூல் அது. பார்வையிழந்த தந்தை தோபித்து, மேதியா நாட்டில் தாம் ஒப்படைத்து வைத்த பணத்தைப் பெற்று வருமாறு ஒரே மகன் தோபியாவை அனுப்புகின்றார். வெறுங்கையோடு அனுப்பவில்லை. 4 ஆம் அதிகாரம் முழுவதும் அறிவுரை கூறுகின்றார். பணத்திற்கான ஆவணத்தைக் கொடுக்கின்றார். நம்பிக்கைக்குரிய வழித்துணையைத் தேடச் சொல்கின்றார். அதன்பின் ஆசி வழங்கி அனுப்பிவிடுகின்றார்.

தாய் அன்னா அழுகின்றார். நம் கைக்கு ஊன்றுகோலான பிள்ளையை ஏன் அனுப்பினீர் என்று கணவனைக் கடிந்துகொள்கின்றார். ஒரு நல்ல வானதூதர் மகனுடன் செல்வார் என்று கணவர் தேற்றுகின்றார். துணையாகச் சேர்ந்த அந்த வாலிபரே இரபேல் வானதூதர் என்பது அப்போது அவர்கள் எவருக்கும் தெரியாது. மகன் திரும்பிவரத் தாமதமானபோது தாய் நாள்தோறும் வழியைப் பார்த்திருந்தார் என்று 10 ஆம் அதிகாரம் கூறுகின்றது. அந்தக் கண்ணீரைத் திருநூல் குறைகூறவில்லை. ஆனால் அந்தக் கண்ணீருக்காகப் பயணத்தை நிறுத்தவும் இல்லை. இறுதியில், பயணத்தில் பெற்ற மருந்தை மகன் தன் கையாலேயே இட, தந்தையின் கண்கள் திறக்கின்றன. மகனை வீட்டிலேயே நிறுத்தி வைத்திருந்தால் அந்தப் பார்வை எங்கிருந்து வந்திருக்கும்?

குடிபுகுந்த நாள்

அந்தக் குடும்பம் குடிபுகுந்த வேளையில் நானும் ஒரு கூட்டத்திற்காகக் கொழும்பில் இருந்தேன். வீட்டை ஆசீர்வதிக்க அழைத்தனர். மூன்றாம் மாடிக்கு ஏறிச் சென்றபோது தந்தை தண்ணீர் ஒழுகிய குழாயைத் திருத்திக்கொண்டிருந்தார். மின்குமிழ்களை மாற்றி, வாசற்கதவுக்கு உட்கொண்டியும் பூட்டியிருந்தார். வாடகை ஒப்பந்தத்தை மகளோடு அமர்ந்து வரி வரியாக வாசித்து, முற்பணத்திற்குப் பற்றுச்சீட்டு வாங்கிக் கோப்பில் வைக்கச் செய்ததும் அவரே.

தாய் சமையலறையில் நின்றார். ஊரிலிருந்து கொண்டுவந்த மிளகாய்த்தூளையும் ஒடியல் மாவையும் இடியப்ப உரலையும் தட்டுகளில் ஒழுங்காக அடுக்கினார். மகள் வந்து மிளகாய்த்தூள்ப் போத்தலை அடுப்பருகே இருந்த தட்டுக்கு மாற்றினாள். தாய் மீண்டும் பழைய இடத்தில் வைத்தார். மகள் மறுபடி மாற்றினாள். இருவரும் பேசவில்லை. பேசாத அந்தச் சில நிமிடங்களில், இது யாருடைய சமையலறை என்ற கேள்வி இருவருக்கும் நடுவே நின்றது.

ஆசீர்வாத செபம் முடிந்தபின் இன்னொன்றைக் கவனித்தேன். வீட்டுக்காரர் இரண்டு திறப்புகளைக் கொடுத்திருந்தார். ஒன்றைத் தாய் எடுத்துத் தமது கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். தந்தையும் அதைக் கண்டார்.

இந்தத் தம்பதியர் 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி, திருமணமாகி ஓராண்டும் நிறையாத நிலையில், தமது வீட்டைப் பூட்டிவிட்டுத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தவர்கள். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கதவே இருக்கவில்லை. திறப்பு மட்டும் அவர்களிடம் இருந்தது.

“கதவில்லாத வீட்டுத் திறப்பை நாங்கள் கனகாலம் வைச்சிருந்தனாங்கள். இந்த வீட்டுக்குக் கதவு இருக்கு, ஆளும் இருக்கு. திறப்பைப் பிள்ளையிட்டைக் குடும்” என்றார் தந்தை.

தாய் உடனே கொடுக்கவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பின்னர் கைப்பையைத் திறந்து, திறப்பை மகளின் உள்ளங்கையில் வைத்து, அவளுடைய நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்தார். நான் சொல்லிய செபத்தை விட அந்தத் தாயின் விரல் வரைந்த சிலுவையே அன்று அவ்வீட்டின் பெரிய ஆசீர்வாதம் என்று எண்ணினேன். 1984 இல் வெளியான திருச்சபையின் ஆசீர்வாத நூலிலும் பெற்றோர் தாமே தம் பிள்ளைகளை ஆசீர்வதிப்பதற்கான செபமுறை உண்டு. குருவானவர் இல்லாத வேளையிலும் அந்த ஆசியை வழங்க நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

எது உதவி?

அன்பான பெற்றோரே, உங்கள் பிள்ளை தனியே குடிபுகும்போது கட்டிலைத் தூக்குங்கள். குழாயைத் திருத்துங்கள். எரிவாயு அடுப்பைப் பாதுகாப்பாக மூடும் முறையைக் காட்டுங்கள். அண்மையிலுள்ள மருத்துவமனையையும் ஆலயத்தையும் சேர்ந்து சென்று பாருங்கள். அந்தக் குடும்பம் ஊர் திரும்புமுன் வெள்ளவத்தைப் புனித லோரன்ஸ் ஆலயத்திற்குச் சென்று செபித்து, ஞாயிறு திருப்பலி நேரத்தையும் கேட்டறிந்து வந்தது. இவை யாவும் உதவி.

ஆனால் மிளகாய்த்தூள் எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். நாளுக்கு ஐந்து முறை அழைத்து எங்கே நிற்கிறாய் என்று விசாரிப்பதும், உறவினரை அனுப்பி உளவு பார்ப்பதும் உதவியாகா. திருத்தந்தை பிரான்சிஸ் 2016 ஆம் ஆண்டு வெளியிட்ட ‘அன்பின் மகிழ்வு’ என்னும் மடலின் 261 ஆம் இலக்கத்தில் இதைத் தெளிவாக்குகின்றார். பிள்ளை எங்கே இருக்கின்றது என்பதையே எந்நேரமும் அறிந்து கட்டுப்படுத்த முனையும் பெற்றோர் இடத்தை ஆள மட்டுமே முயல்கின்றனர். பிள்ளையின் உள்ளம் எங்கே நிற்கின்றது என்பதே பெரிய கேள்வி என்கின்றார் அவர்.

விவிலியத்தில் மற்றுமோர் அன்னாவும் உண்டு. அவர் சாமுவேலின் தாய். மகனை ஆலயத்தில் விட்டுச் சென்ற அவர், ஆண்டுதோறும் ஒரு சிறிய மேலாடையைத் தைத்துக் கொண்டுவந்து கொடுப்பார் (1 சாமு 2:19). ஒவ்வோர் ஆண்டும் அளவு மாறியிருக்கும். தம் கண்ணுக்கு முன்னே வளராத பிள்ளையின் வளர்ச்சியை மனத்தால் அளந்து தைத்த தாய் அவர். மேலாடையைக் கொடுப்பார், பிள்ளையைத் திரும்பக் கேட்கமாட்டார்.

இளைஞரே, உங்களுக்கும் ஒரு சொல். திறப்பு உங்கள் கையில் இருக்கின்றது என்பதற்காகப் பெற்றோரின் இதயத்தைப் பூட்டிவிடாதீர்கள். அவர்கள் கேட்கும் முன்னரே நீங்கள் அழையுங்கள். கீழ்ப்படிதல் முடிந்த இடத்தில்தான் உங்கள் மதிப்பு உண்மையானதா என்பது தெரியவரும்.

அண்மையில் அந்தத் தாயை மீண்டும் கண்டேன். இரண்டாவது திறப்பை மகள் வத்தளையிலுள்ள பெரியம்மாவிடம் கொடுத்து வைத்திருக்கிறாளாம். முதலில் மனம் நொந்ததாகச் சொன்னார். “அவசரத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து திறப்பு வந்து சேர ஓரிரவு வேணுமே அம்மா” என்று மகள் கூறியதைச் சொல்லும்போது தாமே சிரித்துவிட்டார். அங்கே சென்றால் இப்போது அவர் கதவைத் தட்டுகின்றார். மகள் ஓடிவந்து திறக்கின்றாள்.

நம்மைப் படைத்த ஆண்டவரும் அப்படியே செய்கின்றார். வாசலில் நின்று தட்டுவதாகவும், குரல் கேட்டுக் கதவைத் திறப்பவரிடம் உள்ளே வந்து உணவருந்துவதாகவும் அவர் கூறுவதைத் திருவெளிப்பாடு நூலில் வாசிக்கின்றோம் (திவெ 3:20). அவர் கதவை உடைத்து நுழைவதில்லை. நாம் திறக்கும்வரை காத்திருக்கின்றார். அவருடைய அந்தப் பொறுமை நம் பெற்றோருக்கும், அவருக்குத் திறக்கும் மனம் நம் பிள்ளைகளுக்கும் கிடைக்க மன்றாடுவோம்.