களஞ்சியம் நிரம்புமுன் தகவல் வரட்டும்

எமது வர்த்தகர் சிலர் விற்பனை, கடன் கணக்குகளை அமெசனின் ஆர்.டி.எஸ். தரவுத்தளத்தில் வைத்துள்ளனர். சேமிப்பிடம் முற்றாக நிரம்பினால் கடையில் பில் போடுவதே நின்றுவிடும். எனவே, அவர்களிடம் நான் முதலில் சொல்வது "நிகழ்வுச் சந்தா" எடுக்கும்படியே.

எஸ்.என்.எஸ். சேவையில் ஒரு தலைப்பைத் திறந்து உங்கள் மின்னஞ்சலைச் சேருங்கள். வரும் மடலில் உறுதிப்படுத்தாவிட்டால் எந்த அறிவித்தலும் கிடைக்காது. பின்னர் அமெசனின் கட்டளை வரிக் கருவியில் சந்தாவின் பெயர், அத்தலைப்பின் அடையாளம், தேவையான வகை ஆகியவற்றை ஒரே கட்டளையில் கொடுங்கள். "சேமிப்பிடக் குறைவு" என்ற வகையைத் தெரிந்தால் 90 சதவீதம் தாண்டியதும் எச்சரிக்கை வரும். வகை குறிப்பிடாவிட்டால் எல்லாமே வந்து குவியும். முக்கியமானது கண்ணில் படாது.

கணக்காளர் விலகிச் சென்றால், தலைப்பின் பட்டியலை எடுத்து அவரது முகவரியை அன்றே நீக்கிவிடுங்கள்.