முப்பது நாள் மருந்து

2021இல் எனக்கு வேலை போனது. வேலையோடு இன்சூரன்ஸும் போனது. அன்று இரவு ஃபிரிட்ஜைத் திறந்து மகனின் இன்சுலினை எண்ணினேன். ஐந்து நாளுக்குத்தான் இருந்தது. அவனுக்கு டைப் 1 சர்க்கரை. உடம்பில் இன்சுலின் சுரப்பதில்லை. ஊரில் சொல்வதுபோல இனிப்பைக் குறைத்துச் சமாளிக்க முடியாது.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில். மறுநாள் ஃபார்மசியில் ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். கையில் ஏழு நாளுக்கும் குறைவான மருந்தே இருக்கிறது என்று எழுதி, அடையாள அட்டையும் மருத்துவர் சீட்டும் காட்டினேன். 35 டாலருக்கு முப்பது நாள் இன்சுலின் கைக்கு வந்தது. காரில் உட்கார்ந்து அழுதேன்.

இந்த உதவிக்கு வழிசெய்த மினசோட்டா சட்டத்துக்கு அலெக் ஸ்மித் என்ற இளைஞரின் பெயர். அவரும் இன்சுலினை நம்பி வாழ்ந்தவர். இந்த நாட்டில் பிள்ளைகள் 26 வயது வரைதான் பெற்றோரின் இன்சூரன்ஸில் இருக்கலாம். அலெக்குக்கு அது முடிந்ததும் மருந்துச் செலவு மாதம் 1,300 டாலரைத் தொட்டது. சம்பள நாள் வரை தாக்குப்பிடிக்க, இருந்ததைக் குறைத்துக் குறைத்துப் போட்டுக்கொண்டார். 2017 ஜூனில், இன்சூரன்ஸ் முடிந்து ஒரு மாதம்கூட ஆகுமுன், இறந்துபோனார். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் அதன் காப்புரிமையை டொரண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

அவர் அம்மா நிக்கோல் ஸ்மித்-ஹோல்ட் சட்டமன்றத்துக்கு விடாமல் நடந்தார். 2019இல் மசோதா நிறைவேறவில்லை. 2020 ஏப்ரலில் ஆளுநர் டிம் வால்ஸ் கையெழுத்திட்டார். (இங்கே ஆளுநர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், நம் முதலமைச்சர் மாதிரி.) மருந்துக்கான செலவு தயாரிக்கும் நிறுவனங்கள் தலையில் விழுந்தது. சட்டம் ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வர இருந்தபோது, முந்தின நாளே மருந்து நிறுவனங்களின் சங்கம் வழக்குப் போட்டது.

இந்த அவசர உதவி 12 மாதத்துக்கு ஒருமுறைதான். அது போதாது என்பது என் கருத்து. வருமானம் குறைந்தவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: 90 நாள் மருந்துக்கு 50 டாலர், ஒரு வருஷம் வரை.

மகன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். இனி விண்ணப்பத்தில் அவனே கையெழுத்துப் போட வேண்டும். எதை எடுத்துப்போக வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று போன வாரம் சொல்லிக்கொடுத்தேன். மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொன்னேன், சொன்னான்.