குவார்க்கின் திணிவை அளத்தல்
இலத்திரனைத் தனித்தெடுத்துக் காந்தப் புலத்தில் வளைத்து அதன் திணிவை அறியலாம். 1964இல் கெல்மானும் சுவெய்க்கும் முன்மொழிந்த குவார்க்குகளுக்கு இஃது இயலாது. அவற்றைப் பிரிக்கச் செலவிடும் சக்தி புதிய குவார்க்குச் சோடிகளாக மாறிவிடுகின்றது.

புரோத்தனின் திணிவு, சக்தி அலகில், 938 மில்லியன் இலத்திரன்வோற்று. அதன் மூன்று குவார்க்குகளின் திணிவுகளைக் கூட்டினால் ஏறத்தாழ 9 மாத்திரமே. எஞ்சியதிற் பெரும்பகுதி குவார்க்குகளின் இயக்கத்தினதும் அவற்றைப் பிணைக்கும் புலத்தினதும் சக்தியாகும். ஆகவே முழுமையை அளந்து உறுப்பை உய்த்தறிய, வெளியையும் காலத்தையும் சாலகமாக்கிக் கணிக்கும் முறை வேண்டப்படுகின்றது.

மேலும், நோக்கும் சக்தி மட்டத்திற்கேற்பக் குவார்க்கின் திணிவும் மாறுபடும். மேற்கூறிய 9 என்பது 2000 மில்லியன் இலத்திரன்வோற்று மட்டத்திற்குரியது. 1995இல் கண்டறியப்பட்ட உச்சிக் குவார்க்கு, பிணைப்புறுமுன்னரே சிதைவதால் நேரடி அளவீட்டிற்கு ஓரளவு இடமளிக்கின்றது. ஆயினும் அளந்த எண் எவ்வரைவிலக்கணத்திற்குரியது என்ற வினா அங்கும் எஞ்சுகின்றது. கோட்பாட்டிற் சாராத வெறும் எண் இங்கில்லை.