மூழ்கியது வயல், அளப்பது ஊர்

சம்பா நெல்லுக்குக் காப்பீடு செய்ய வழக்கமான கடைசி நாள் நவம்பர் 15. அது நெருங்கியதும் உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்து வரும் கடிதங்களில் ஒரே ஆதங்கம்: பயிர் அழுகியது, பிரீமியமும் கட்டியிருந்தோம், பக்கத்து ஊருக்கு வந்த பணம் எங்களுக்கு ஏன் வரவில்லை?

இரண்டு வேறு பணத்தைப் பலரும் ஒன்றாக்கிக்கொள்கிறார்கள். புயலுக்குப் பின் அரசு தருவது நிவாரணம். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலுக்குப் பிறகு, நெல்லுக்கு அது ஹெக்டேருக்கு 13,500 ரூபாயிலிருந்து 17,000 ஆனது. மேடையில் அதை 'இழப்பீடு' என்கிறார்கள். பேரிடர் நிதி விதிகளில் அதன் பெயர் இடுபொருள் மானியம். ஏக்கருக்கு வகுத்தால் சுமார் 6,880 ரூபாய். எந்தப் பெயர் உண்மைக்குப் பக்கம் என்று நட்ட கூலியும் உழவுக் கூலியும் கொடுத்தவருக்குத் தெரியும். சேதம் 33 விழுக்காடாவது இருக்க வேண்டும். 30 என்று எழுதிவிட்டால் ஒன்றுமில்லை. ஆனாலும் வி.ஏ.ஓ.வும் வேளாண் அலுவலரும் கணக்கெடுப்பது உங்கள் வயலை.

காப்பீட்டின் மகசூல் கணக்கிலோ உங்கள் வயல் தனியாக இல்லை. நெல்லுக்கு அலகு வருவாய்க் கிராமம். ஊருக்குக் குறைந்தது நான்கு இடத்தில் ஐந்துக்கு ஐந்து மீட்டர் அறுத்து எடை போடுவார்கள். எந்தப் புல எண் என்பது குலுக்கல் முறையில் விழும். குலுக்கல் உத்திரமேரூருக்குப் புதிதல்ல. சோழ மன்னன் பராந்தகன் காலத்தில் ஏரி வாரியத்துக்கு ஆள் எடுத்ததே குடவோலையில்தான். அன்று தகுதி பார்த்துத்தான் ஓலையில் பெயர் எழுதினார்கள். இன்று மேட்டு வயலா, கலங்கல் தண்ணீர் பாயும் பள்ளமா என்று குலுக்கலுக்குத் தெரியாது.

கிடைத்த சராசரியை உத்தரவாத மகசூலோடு ஒப்பிடுவார்கள். கடந்த 7 ஆண்டுகளில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரியில் 70, 80 அல்லது 90 விழுக்காடுதான் அந்த உத்தரவாதம். கணக்குக்காக அதை 3,000 கிலோ என்று வைப்போம். ஊர்ச் சராசரி 2,700 என்றால் குறைவு 10 விழுக்காடு. முழுக்க இழந்தவருக்கும் காப்பீட்டுத் தொகையில் பத்தில் ஒரு பங்கு, ஒரு மணியும் இழக்காதவருக்கும் அதே பங்கு. சராசரி 3,000-ஐத் தொட்டால் யாருக்கும் இல்லை. கெட்டிக்கார ஏற்பாடுதான்: வயல்தோறும் மதிப்பீடு வேண்டாம், வேண்டுமென்றே பயிரைக் கைவிடுபவருக்கு ஆதாயமில்லை. பள்ளத்தில் நிலம் வைத்திருப்பவர் மட்டும் பக்கத்துக்காரரின் நல்ல விளைச்சலால் தோற்கிறார்.

காப்பீட்டில் தனி வயலின் சேதத்துக்கென இருக்கும் இழப்பீட்டிலிருந்தும் நெல் மூழ்குவதை 2018-இல் நீக்கினார்கள். நெல் தண்ணீரில் வாழும் பயிராம். அதை 2026 காரிஃப் முதல் மீண்டும் சேர்ப்பதாக மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. 72 மணி நேரத்துக்குள் படத்தோடு தெரிவிக்க வேண்டும். மழை கொட்டும்போது செல்போனில் சிக்னல் இருக்குமா என்பதை அறிவிப்பு சொல்லவில்லை.

பிரீமியம்? சம்பாவுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு.

எங்கே கட்டுவது? வங்கி, கூட்டுறவுக் கடன் சங்கம், பொது சேவை மையம்.

பயிர்க்கடன் வாங்கியவருக்குக் கட்டாயமா? 2020 முதல் இல்லை. வேண்டாமென்றால் கடைசி நாளுக்கு 7 நாள் முன்பே வங்கியில் எழுதிக் கொடுங்கள்.

குத்தகைதாரர்? சேரலாம், அடங்கல் வாங்குவதுதான் பாடு.