கோழி வறுப்பவருக்கு என்ன மிச்சம்?

‘கொரியச் சாப்பாட்டுக் கடை ஒன்று ஃப்ரான்சைஸ் எடுக்கலாம் என்றிருக்கிறேன். நல்ல பிராண்டாகச் சொல்லுங்கள்’ என்று திருப்பூர் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டில் பிள்ளைகள் கொரியத் தொடர்களாகப் பார்த்துத் தள்ளுகிறார்களாம். கிம்ச்சி, ராம்யொன் பற்றி அந்தப் பிள்ளைகளே அவருக்கு வகுப்பெடுப்பார்கள். பிராண்டு சிபாரிசு செய்ய எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஃப்ரான்சைஸ் என்கிற இயந்திரம் கொரியாவில் எப்படி ஓடுகிறது என்பது எனக்கு ரொம்ப நாளாகப் பிடித்த விஷயம். அதைப் பார்க்க அங்குள்ள வறுத்த கோழிக்கடையைவிட நல்ல இடம் கிடையாது.

1977-ல் சியோலில் ஷின்செகே டிபார்ட்மென்ட் ஸ்டோருக்குள் ‘லிம்ஸ் சிக்கன்’ தொடங்கியது. கொரியாவின் முதல் வறுத்த கோழி ஃப்ரான்சைஸ் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அடுத்த கட்டம் தேகு நகரில் நடந்தது. அங்கே கடை வைத்திருந்த யூன் ஜோங்-கேயிடம், ஆறிய கோழியின் மேல்தோல் வாயைக் கிழிக்கிறது என்று வாடிக்கையாளர்கள் குறைப்பட்டார்கள். மிளகாய் மசாலா கலந்து பூசிப் பார்த்தார், சரிவரவில்லை. அக்கம்பக்கத்துப் பாட்டி ஒருவர், மாவுச்சத்துப் பாகைச் சேர்த்துப் பாரேன் என்றாராம். மசாலா பளபளவென்று ஒட்டிக்கொண்டது. இன்று உலகமெங்கும் விற்கிற இனிப்பும் காரமுமான சிவப்புக் கோழி பிறந்த கதையாக யூன் சொன்னது இது.

1991-ல் குமி நகரில் ‘கியோசோன்’ கடையைத் திறந்த க்வோன் வோன்-காங், அதற்கு முன் டாக்சி ஓட்டியவர். 1995-ல் ‘பிபிகியூ’ வந்தது. இரண்டே வருடத்தில் ஆசிய நிதி நெருக்கடி கொரியாவைப் புரட்டிப் போட்டது. நாற்பது, ஐம்பது வயதில் வேலை போனவர்கள் கையில் செட்டில்மென்ட் பணம் இருந்தது, கைத்தொழில் ஏதும் இல்லை. அவர்களில் ஏராளமானோர் கோழி வறுக்கப் போனார்கள்.

வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதவர் எப்படிக் கடை நடத்துவார்? அதற்காகத்தானே ஃப்ரான்சைஸ்! கோழி கடைக்கு வரும்போதே வெட்டி, உப்புநீரில் ஊறவைத்து வருகிறது. பெரும்பாலும் ‘10-ஆம் எண்’ கோழி, அதாவது சுத்தம் செய்தபின் 951 முதல் 1,050 கிராம் வரை எடையுள்ளது. எடை ஒன்றுபோல் இருந்தால்தான் எல்லாக் கடையிலும் ஒரே நேரக்கணக்கில் வறுத்தெடுக்க முடியும். மாவு மூட்டையில் வரும், சாஸ் பாக்கெட்டில் வரும். கியோசோன் கடைகளிலோ சாஸைப் பிரஷ்ஷால் துண்டு துண்டாகப் பூசுகிறார்கள். நின்று வேடிக்கை பார்க்கலாம், அத்தனை பொறுமையான வேலை. சியோலுக்குத் தென்கிழக்கே இச்சோனில் பிபிகியூ ‘சிக்கன் பல்கலைக்கழகம்’ என்றே ஒன்று நடத்துகிறது.

என்னைக் கவர்ந்த விசித்திரம் சமையலறையில் இல்லை, கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. ஃப்ரான்சைஸ் என்றால் விற்பனையில் இத்தனை சதவீதம் ராயல்டி என்றுதான் நாம் நினைப்போம். கொரியாவில் பல தலைமை நிறுவனங்கள் ராயல்டியைப் பெயருக்கு வாங்குகின்றன, அல்லது வாங்குவதே இல்லை. கோழி, எண்ணெய், மாவு, சாஸ் எல்லாவற்றையும் தங்களிடமே வாங்க வேண்டும் என்று விதி வைத்து, அந்த விலையில் தங்கள் லாபத்தைச் சேர்த்துவிடுகின்றன.

நான் பையனாக இருந்தபோது எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர், இட்லி சுட்டு விற்ற ஓர் அம்மாவுக்குத் தன் திண்ணையை வாடகையில்லாமல் விட்டிருந்தார். அரிசி, உளுந்து, எண்ணெய் மூன்றும் அவர் கடையில்தான் வாங்க வேண்டும். ஒரே நிபந்தனை அதுதான். தெருவே அவரைத் தர்மப்பிரபு என்றது. இட்லி விற்றாலும் மீந்தாலும் உளுந்துக்கு அவர் லாபம் வந்துகொண்டிருந்தது.

இந்தக் கொரிய ஏற்பாட்டின் விளைவைப் பாருங்கள். கடைக்காரருக்கு என்ன மிஞ்சுகிறது என்பதைவிட எவ்வளவு சரக்கு வாங்குகிறார் என்பதே தலைமைக்கு முக்கியமாகிறது. தள்ளுபடி விலையில் கோழி அதிகம் போனால் மேலே லாபம், கீழே வேலை மட்டும் கூடும். இந்த மறைமுக லாபத்தை நீதிமன்றம் வரை கொண்டுபோனவர்கள் கோழிக்கடைக்காரர்கள் அல்லர், கொரிய பீட்சா ஹட்டின் கடைக்காரர்கள். ராயல்டியும் வாங்கிக்கொண்டு, ஒப்பந்தத்தில் சொல்லாமல் சரக்கிலும் லாபம் வைத்தது செல்லாது என்று 2024 செப்டம்பரில் சியோல் உயர் நீதிமன்றம் சொன்னது. ஏறத்தாழ 2,100 கோடி வொன் (கொரிய நாணயம்) திருப்பித் தரச் சொல்லித் தீர்ப்பளித்தது. அதைப் பார்த்துக் கோழிக்கடைக்காரர்களும் வழக்குத் தொடுக்கத் தொடங்கினார்கள்.

கொரிய அரசு சும்மா இருக்கவில்லை. ஃப்ரான்சைஸுக்கென்றே 2002-ல் சட்டம் போட்டது. தலைமை நிறுவனம் தன் நிதிநிலை, கடைகளின் எண்ணிக்கை, செலவு விவரம் எல்லாவற்றையும் எழுத்தில் தர வேண்டும். தந்து 14 நாள் ஆன பிறகே கையெழுத்து. 2021-ல் இன்னொரு திருத்தம்: தானே ஒரு கடையையாவது ஒரு வருடம் நடத்திக் காட்டிய பிறகுதான் புது பிராண்டுக்கு ஆள் சேர்க்கலாம். அதுவரை ஒரு கடையும் நடத்திப் பார்க்காதவர்கூடக் கடை நடத்தும் வித்தையை விற்க முடிந்தது!

இவ்வளவு காவல் இருந்தும் நிலவரம் இதுதான்: கேபி நிதிக் குழுமத்தின் ஆய்வு நிறுவனம் 2019-ல் எண்ணிப் பார்த்தபோது கொரியாவில் சுமார் 87,000 கோழிக்கடைகள் இருந்தன. ஏறக்குறைய 600 பேருக்கு ஒரு கடை. அதற்கு முந்தைய வருடம் புதிதாகத் திறந்தவை சுமார் 6,200, மூடியவை 8,400. போதாக்குறைக்கு டெலிவரி ஆப் கமிஷன் வேறு. 2024-ல் ‘பேமின்’ தன் கமிஷனை 6.8 சதவீதத்திலிருந்து 9.8 ஆக உயர்த்தியது. கடைக்காரர்கள் கொதித்தெழுந்த பிறகே அதைக் குறைக்க ஒப்புக்கொண்டது.

திருப்பூர் நண்பரே, நம் நாட்டில் ஃப்ரான்சைஸுக்கென்று தனிச் சட்டமே கிடையாது. 1872-ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்தை வைத்துத்தான் ஒப்பேற்றுகிறோம். 14 நாள் அவகாசம் தந்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இங்கே இல்லை. திறப்பு விழாவுக்கு எந்த நடிகையை அழைப்பது என்று யோசிக்கும் நேரத்தில் கால்வாசியையாவது நம்மவர்கள் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களுக்குச் செலவிட்டால் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு தப்பும்.

ஆகவே நீங்களே கேளுங்கள். கட்டாயமாக வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலும் விலையும் எழுத்தில் வேண்டும். அதே எண்ணெயைக் கடைவீதியில் விலை விசாரியுங்கள். தள்ளுபடியின் செலவு யார் தலையில் என்று கேளுங்கள். அவர்கள் சொந்தமாக நடத்தும் கடை எங்கே என்று கேட்டு, கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை போய் உட்காருங்கள். நன்றாக ஓடும் கடையின் முகவரியை அவர்களே கொடுப்பார்கள். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது போன வருடம் கடையை மூடியவரின் தொலைபேசி எண். அவரோடு ஒரு மணி நேரம் பேசாமல் முன்பணம் கட்டாதீர்கள்.