'சண்ட்ரி' என்னும் சொல்

பலவகையைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரடைகளுள் 'சண்ட்ரி' என்பதும் ஒன்று. அகராதியில் 'பல, பற்பல' எனப் பொருள் காணும் மாணவர், அதனை எங்கும் இட்டு எழுதலாமென எண்ணிவிடுகின்றனர். எம் மாணவன் ஒருவன், தன் தமக்கையின் திருமணத்துக்குச் 'சண்ட்ரி' விருந்தினர் வந்தனர் என்று கட்டுரை வரைந்திருந்தான். நாம் சிவப்பு மையாற் கோடிட்டோம். "அகராதியில் இருக்கிறதே, ஐயா! பிழை யாது?" என்றான். அன்று அவனுக்குக் கூறிய விடையையே ஈண்டுத் தருகின்றோம்.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் 'தனித்தனியான' என்றே பொருள் தந்தது. பிரித்தலைக் குறிக்கும் 'சண்டர்' என்பது இதன் உறவுச் சொல்லாகும். தனித்தனியாக நிற்பவை ஒன்றுக்கு மேற்பட்டவையாதலின், நாளடைவிற் 'பல' என்னும் பொருளும் வந்து சேர்ந்தது. 'செவரல்' என்ற சொல்லும் இவ்வழி வந்ததே. சட்டத்தில் 'ஜொயின்ட் அன்ட் செவரல்' என வருமிடத்து, அஃது இன்றும் 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' என்றே பொருள்படும்.

ஆயின், இன்றைய வழக்கிற் 'சண்ட்ரி' என்பது, தனித்தனியே பெயர் சொல்ல வேண்டாத சிறு பொருள்களையே பெரிதும் சுட்டும். ஆணி, நூல், முத்திரை முதலிய சில்லறைச் செலவுகளைக் கணக்கர் இச்சொல்லாகிய ஒரே தலைப்பில் அடக்குவர். கிரிக்கெட்டில் எந்தத் துடுப்பாட்டக்காரரின் கணக்கிலும் சேராத உதிரி ஓட்டங்களை அவுஸ்திரேலியர் 'சண்ட்ரிஸ்' என்பர். மணவீட்டுக்கு வந்த அம்மானையும் சித்தப்பாவையும் இவற்றோடு சேர்த்தல் தகுமா? விருந்தினர் தொகையைச் சொல்ல 'மெனி' போதும். அவர்தம் வேறுபாட்டைச் சொல்ல 'வேரியஸ்' பொருந்தும்.

'ஓல் அன்ட் சண்ட்ரி' என்னும் தொடரையும் நோக்குக. இன்று அது 'கண்டவர் எல்லாரும்' என்பதுபோல வழங்குகின்றது. அதன் பழம்பொருளோ, 'எல்லாரும் சேர்ந்து, ஒவ்வொருவரும் தனித்து' என்பதாம். ஒவ்வொருவரையும் மதித்த சொல், ஒருவரையும் மதியாத சொல்லாயிற்று!

இவ்வளவையும் கேட்ட மாணவன் மெல்ல எழுந்தான். "சென்ற கிழமை முதல் மூவரைப் பெயர் சொல்லி அழைத்துக் கொப்பி தந்தீர்கள். பின்பு, 'மற்றையோர் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்' என்றீர்கள். அந்த மற்றையோர் எந்தச் 'சண்ட்ரி', ஐயா?"

வகுப்புச் சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆயினும், மறுநாள் தொட்டு முப்பத்திரண்டு கொப்பிகளையும் பெயர் சொல்லியே கொடுத்து வருகின்றோம்.